வகுத்துப் பார்க்காமலே பகா எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்? (4 கோடி இலக்க எண்ணைப் பற்றி ஓர் ஐயம்)

திங்கள்சந்தை வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து, எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில், எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு கணக்குப் பேசிவருகிறேன். சென்ற வாரம் பகா எண்களை எடுத்தோம். ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து, 24 கொட்டைகளைச் சம வரிசைகளாக எத்தனை விதமாக அடுக்க முடிகிறது, 23 கொட்டைகளை மட்டும் ஏன் ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடிகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கவைத்தேன். அந்தச் சூட்டோடு, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது அதுவரை அறியப்பட்ட பகா எண்கள் அனைத்திலும் பெரியதாக இருந்த 2^136279841 − 1 என்னும் எண்ணைப் பற்றிச் சொன்னேன். அதில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் உள்ளன. நொடிக்கு ஓர் இலக்கம் என்று இரவு பகல் ஓயாமல் வாசித்தாலும் 475 நாள்கள் ஆகும். இலக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடம் விட்டு எழுதினால் கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ திருநெல்வேலி வரை நீளும்.

பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும், "சார், இதை யாரு வகுத்துப் பாத்தா?" என்றாள். கணினி என்றேன். "கணினியும் வகுத்துத்தானே சார் பாக்கணும்?" என்றாள். அங்கே நின்றுவிட்டேன்.

அவள் கேட்டதில் பிழை இல்லை. ஓர் எண்ணுக்குக் காரணி உண்டா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் நடத்திய பாடம். இந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கே 2 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையையே 80 இலக்கங்களுக்குப் பக்கத்தில் எழுதிவிடலாம் என்னும்போது, அத்தனை வகுத்தலை எந்தக் கணினி செய்து முடிக்கும்? லூக்கா–லேமர் சோதனை என்ற பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பென்சிலால் செய்து பார்க்கும்படி அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

குளச்சல்காரன்:

வணக்கம் சார். சோதனையைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அதற்கு முன், எண்ணை எழுதிப் பார்க்காமலே அதன் குணங்களைச் சொல்ல முடியும் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டை அந்தப் பெண்ணிடம் காட்டுங்கள்.

2இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதிக்கொண்டே போனால் 02, 04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48, 96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52, 04 என்று வரும். 22ஆவது இடத்தில் மறுபடியும் 04 வந்துவிட்டதால், அங்கிருந்து 20 படிக்கு ஒரு முறை அதே வட்டம் திரும்பும். 136279841ஐ 20ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அந்த மாபெரும் அடுக்கின் கடைசி இரண்டு இலக்கங்கள் 2^21இன் கடைசி இரண்டு இலக்கங்களான 52தான். ஒன்றைக் கழித்தால் 51. நான்கு கோடி இலக்கங்களின் வால் ஒரு துண்டுக் காகிதத்தில் பிடிபட்டுவிட்டது.

இன்னொன்று. கணினி பயன்படுத்தும் இரும எண்முறையில் இந்த எண் வெறும் ஒன்றுகளின் வரிசை, 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 ஒன்றுகள். இந்த எண்ணிக்கை பகு எண்ணாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம் பத்தடிமான முறையில் 111111 என்பதை மும்மூன்றாகப் பிரித்து 111 × 1001 என்று எழுதிவிடுகிறோம் அல்லவா, அதேபோல 15 ஒன்றுகளை மும்மூன்றாகக் கட்டினால் 2^15 − 1 என்பது 7ஆல் வகுபடும் என்று உடனே தெரிந்துவிடும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது; 11 பகா எண், 2^11 − 1 = 2047 = 23 × 89.

பறளியாறு:

குளச்சல்காரன் 2047இல் கொண்டுவந்து விட்டது நல்லதாயிற்று. வாத்தியாரின் கேள்விக்கு மூன்று அடுக்குகளில் விடை சொல்ல வேண்டியிருக்கும். முதலாவது, வகுத்துப் பார்ப்பதாகவே இருந்தாலும் எல்லா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை என்பது.

2இன் அடுக்குகளை 23ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதிகளை வரிசையாக எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது படியில் 1 வந்துவிட்டது. 2^11 − 1 ஆனது 23ஆல் வகுபடுகிறது என்பதன் பொருளே அதுதான். இந்த வட்டத்தின் நீளம் 11. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, எந்த ஒற்றைப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான படிகளில் மீதி கட்டாயம் 1க்குத் திரும்பியாக வேண்டும். 23க்கு அது 22ஆம் படி. அப்படியானால் 22 படிகளுக்குள் 11 நீள வட்டம் மிச்சம் இல்லாமல் அடங்கியாக வேண்டும், இரண்டு சுற்றாக அடங்குகிறது. இதையே பொதுவாகச் சொன்னால், அடுக்கு ஒரு பகா எண்ணாக இருக்கும்போது, 2இன் அந்த அடுக்கிலிருந்து ஒன்று கழித்த எண்ணின் ஒவ்வொரு காரணியும் அடுக்கின் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். 23ஐ 11ஆல் வகுத்தாலும் 89ஐ 11ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதைப் பிள்ளைகளே சரிபார்க்கலாம். அடுக்கு ஒற்றை எண்ணாக இருந்தால் காரணியை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வரும் என்று இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அதன் நிரூபணம் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இதனால் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை ஆய்லர் காட்டினார். 2^31 − 1, அதாவது 214,74,83,647 ஒரு பகா எண் என்று 1772இல் அவர் நிறுவினார். அதன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும்; அதுவரை 4,792 பகா எண்கள் உள்ளன. ஆனால் மேற்சொன்ன இரண்டு கட்டுப்பாடுகளையும் சேர்த்தால், காரணி இருந்தால் அது 248இன் மடங்கோடு 1ஐயோ 63ஐயோ கூட்டியதாகத்தான் இருக்க முடியும். முதல் வகையில் 186 எண்கள், இரண்டாம் வகையில் 187 எண்கள். 63 தானே 3ஆல் வகுபடுவதால் அதைத் தள்ளிவிட்டால் மொத்தம் 372. மின்விளக்கு இல்லாத காலத்தில், 4,792 வகுத்தல்களை 372 வகுத்தல்களாகச் சுருக்கிய அந்த மனிதருக்கு அப்போது பார்வையும் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது.

மார்த்தாண்டம் தேன்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பறளியாறு ஐயா சொன்னது அழகுதான். ஆனால் வாத்தியாரின் பிள்ளை கேட்டதற்கு அது விடை ஆகவில்லையே. பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினாலும், 2 கோடி இலக்கங்கள் கொண்ட வர்க்கமூலத்துக்கு முன்னால் அது கடலில் கரைத்த பெருங்காயம். அடுக்கின் மடங்கோடு ஒன்று கூட்டியவற்றை மட்டும் எடுத்தாலும், வகுத்து மாளாது. தேன்கூட்டில் ராணி ஈயைத் தேடுகிறவன் ஒவ்வொரு ஈயாகப் பிடித்துப் பார்ப்பதில்லை; ஆனால் ராணி இல்லாத கூட்டை, கூட்டின் இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவான். அப்படி ஏதாவது ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

கூடவே இன்னொரு கேள்வி. இந்தப் பெரிய பகா எண்ணை வைத்துத்தான் வங்கிப் பரிவர்த்தனைகளுக்குப் பூட்டுப் போடுகிறார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?

பறளியாறு:

தேன்கூட்டு உவமைக்கு நன்றி. நான் சொல்லவந்த இரண்டாவது அடுக்குக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் கிடைக்காது. காரணியைப் பிடிக்காமலே ஓர் எண் பகு எண் என்று சொல்லிவிட முடியும்.

91ஐ எடுத்துக்கொள்வோம். பத்தில் எட்டுப் பிள்ளைகள் இதைப் பகா எண் என்றே சொல்லும். அது பகா எண்ணாக இருந்தால், ஃபெர்மாவின் தேற்றப்படி, 2^90ஐ 91ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 2^12 = 4096; இது 45 × 91 + 1. ஆகவே பன்னிரண்டு படிக்கு ஒரு முறை மீதி 1. 84 படிகளில் ஏழு சுற்று முடிந்து, மிச்சம் 6 படிகள்; 2^6 = 64. மீதி 64, 1 அல்ல. 91 பகா எண் அல்ல என்பது முடிந்துபோன தீர்ப்பு. இதில் எங்கேயாவது 7 வந்ததா, 13 வந்ததா? இரைச்சலை மட்டும் கேட்டோம்.

இந்த வேறுபாடு வெறும் விளையாட்டு அல்ல என்பதற்கு 2^67 − 1 சாட்சி. 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, 2இன் எந்தெந்த அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று (இவ்வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர்) ஒரு பட்டியல் தந்தார். அதில் 67 இருந்தது. 1876இல் லூக்கா அது பகா எண் அல்ல என்று நிறுவினார், ஆனால் ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை. 27 ஆண்டுகள் அந்த எண், காரணி உண்டு ஆனால் இன்னதென்று தெரியாது என்ற நிலையிலேயே இருந்தது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர் கரும்பலகையில் ஒரு பக்கம் 2^67 − 1ஐக் கணக்கிட்டு 147573952589676412927 என்று எழுதினார். மறுபக்கம் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கி அதே எண்ணை வரவழைத்தார். ஒரு சொல்லும் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார் என்பது சொல்லிச் சொல்லிப் பழகிய கதை. கதைக்கு எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும் பெருக்கல் சரியானது. முதல் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 67ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி இல்லாமல் 28,91,160 வரும். நேற்றுச் சொன்ன விதி அங்கேயும் நிற்கிறது.

ஆனால் ஃபெர்மாவின் தேற்றத்தைத் திருப்பிப் போட முடியாது. 341ஐப் பாருங்கள்: 2^10 = 1024 = 3 × 341 + 1; 340 படிகளில் பத்துப் பத்தாக 34 சுற்று, மீதி சரியாக 1. தேர்வில் தேறிவிட்டது, ஆனால் 341 = 11 × 31. 2க்குப் பதில் 3இன் அடுக்கை எடுத்தால் மீதி 56 வந்து அகப்பட்டுக்கொள்ளும் என்பது வேறு விஷயம். தேறாவிட்டால் பகு எண் என்பது உறுதி, தேறினால் பெரும்பாலும் பகா எண், அவ்வளவே. "பெரும்பாலும்" என்பதைக் கணிதம் நிரூபணமாக ஏற்பதில்லை.

தோவாளை மல்லி:

மூன்றாவது அடுக்கை நான் எழுதட்டுமா ஐயா? முதுகலையில் இதை ஒரு கருத்தரங்குக்காகத் தயாரித்து, அதில் சறுக்கியும் விழுந்தேன். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

வாத்தியார் சார், லூக்கா–லேமர் சோதனைக்கு வேண்டியது பெருக்கலும் கழித்தலும் மட்டும். 4இல் தொடங்க வேண்டும். கையில் உள்ள எண்ணை அதனாலேயே பெருக்கி, 2ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதைச் செய்து, கடைசியில் மீதி 0 வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண். இடையில் "பெரும்பாலும்" எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் நிரூபணமே. ஆனால் இது 2இன் அடுக்கிலிருந்து ஒன்று கழித்த வகை எண்களுக்கு மட்டும் பொருந்தும்.

127ஐ, அதாவது 2^7 − 1ஐச் சோதிப்போம். ஐந்து படிகள். 4இலிருந்து 14. 14இலிருந்து 194, அதாவது மீதி 67. 67 × 67 − 2 = 4487, மீதி 42. 42 × 42 − 2 = 1762, மீதி 111. 111 × 111 − 2 = 12319. இது 97 × 127, மீதி 0.

நான் சறுக்கியது இந்தக் கடைசிப் படியில்தான். கருத்தரங்கில் பலகையில் எழுதும்போது 2ஐக் கழிக்க மறந்துவிட்டு, 12321க்கு மீதி 2 என்று எழுதி, 127 பகா எண் அல்ல என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல், "127ஐ எதால் வகுக்கலாம் என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை வீட்டில் அப்பா பூக்கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் 127க்கும் 2047க்கும் முழுதாகச் செய்து முடித்த பிறகுதான் எழுந்தேன். 2047க்கு ஒன்பது படிகள்: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் 0 இல்லை, 1736. பகு எண் என்று சொல்லிவிட்டது. 23 என்றும் 89 என்றும் மூச்சுவிடவில்லை.

மார்த்தாண்டம் தேன்:

இது புரிகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் "வகுத்து மீதி" என்று வருகிறதே. அந்தப் பெண் இதையும் பிடித்துக்கொள்வாள்: "அப்போ 13 கோடி தடவை வகுக்கணும்தானே சார்?"

குளச்சல்காரன்:

இல்லை, ஒரு முறைகூட வகுக்க வேண்டாம். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓர் எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதியைக் காண, அதன் இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். 10ஆல் எண்ணும் முறையில் 10க்கு ஒன்று குறைவான 9க்கு அந்தச் சலுகை கிடைக்கிறது. அதேபோல 128 128ஆக எண்ணினால் 127க்கு அந்தச் சலுகை கிடைக்கும். 12319இல் எத்தனை 128? 96, மிச்சம் 31. 96ஐயும் 31ஐயும் கூட்டுங்கள்: 127. அதாவது மீதி 0. 4487இல் 35 முறை 128, மிச்சம் 7, கூட்டினால் 42. மல்லி எழுதிய அதே மீதிகள்.

"எத்தனை 128" என்பதும் வகுத்தல்தானே என்று கேட்கலாம். நமக்குத்தான் அது வகுத்தல். இரும முறையில் எழுதும் கணினிக்கு அது எண்ணை ஏழாவது இடத்தில் வெட்டுவது மட்டுமே, நாம் 4487ஐ நூறால் வகுக்கச் சொன்னால் 44 என்றும் 87 என்றும் வெட்டிவிடுவதைப்போல. இந்த 4 கோடி இலக்க எண்ணைச் சோதித்தபோதும், ஒவ்வொரு படியிலும் ஒரு பெரும் பெருக்கல், பிறகு விடையை 136279841ஆவது இரும இடத்தில் வெட்டி, மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு கூட்டுதல். வேட்டியை இரண்டாக மடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருக்கலும் பள்ளியில் செய்வதுபோல இலக்கத்துக்கு இலக்கம் செய்யப்படுவதில்லை. ஃபூரியே உருமாற்றம் என்ற முறையில் வேகப்படுத்தப்படுகிறது. மீதியெல்லாம் பொறுமைதான்.

பறளியாறு ஐயா சொன்ன மூன்று அடுக்குகளும் நடைமுறையில் அதே வரிசையில்தான் வருகின்றன. 1996இல் தொடங்கிய இணையவழி மெர்சென் தேடல் திட்டத்தில், முதலில் விதிக்குப் பொருந்தும் சிறிய காரணிகளால் வகுத்துப் பார்க்கிறார்கள். தப்பிய எண்ணுக்கு ஃபெர்மா வகைச் சோதனை. அதிலும் தேறியதற்கு மட்டும் லூக்கா–லேமர். 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு வரைகலைச் செயலி இந்த எண்ணை "பெரும்பாலும் பகா எண்" என்று காட்டியது. மறுநாள் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொன்று லூக்கா–லேமர் சோதனையில் 0ஐக் கண்டது. பிறகு வெவ்வேறு நிரல்களிலும் இயந்திரங்களிலும் சரிபார்த்து, அக்டோபர் 21இல் அறிவித்தார்கள். கண்டுபிடித்தவர் லூக் டுராண்ட். அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் இது 52ஆவது.

வங்கிப் பூட்டைப் பற்றித் தேன் அண்ணன் கேட்டதற்கு: இல்லை. அந்தப் பூட்டுகளுக்கு 300 இலக்கங்களை ஒட்டிய பகா எண்கள் போதும்; அவை யாருக்கும் தெரியாதவையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஊருக்கே தெரிந்த எண்ணில் பூட்டுச் செய்வது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

ஆனால் மெர்சென் பகா எண் ஒன்று என் பிழைப்பில் குறுக்கிட்டது உண்டு. முன்பு நான் மென்பொருள் பார்த்துக்கொடுத்த ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில், கொள்முதல் எடையைக் கிராம் கணக்கில் கூட்டிக்கொண்டே போகும்படி யாரோ எழுதிவைத்திருந்தார்கள். 2,147 டன்னைத் தாண்டிய நாள், திரையில் மொத்த எடை எதிர்மறையாக வந்தது. கடலுக்கு நாங்கள்தான் மீன் பாக்கி என்பதுபோல. 32 இரும இடங்களில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. ஆய்லர் 372 வகுத்தலில் பகா எண் என்று நிறுவ வழிகண்ட அதே எண். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை அந்த அளவுக்குள் எண்ணும் பழைய கணினிக் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அதே சுவரில் முட்டும்.

பறளியாறு:

சுவரில் முட்டுவதற்குக் காரணம் அது பகா எண்ணாக இருப்பது அல்ல, 31 ஒன்றுகளாக இருப்பது என்பதைப் பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

மெர்சென் வகை அல்லாத எண்களுக்கு என்ன வழி என்று யாராவது கேட்பார்கள். 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணையும் ஐயத்துக்கு இடமின்றி, இலக்க எண்ணிக்கை கூடக்கூட வேலை கட்டுக்கு மீறி வெடிக்காதபடி சோதிக்கும் முறையைத் தந்தார்கள். கொள்கையளவில் அது பெரும் திறப்பு. ஆயினும் மெர்சென் எண்களுக்கு லூக்கா–லேமர் அளவுக்கு எளிதானது வேறில்லை என்பதால்தான், சாதனை எண்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்திலிருந்தே வருகின்றன. வேறு பெரிய பகா எண்கள் எண்ணற்றவை இருக்கின்றன, யூக்ளிட் காலத்திலிருந்தே தெரியும். அடையாளம் காணத்தான் முடிவதில்லை.

தோவாளை மல்லி:

நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் பேசும்போது கணிதவியலாளர் எஸ். எஸ். பிள்ளையையும் சொல்லுங்கள் சார். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர். இடைநிலை வகுப்பை நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, பி.ஏ. பட்டத்துக்குத் திருவனந்தபுரம் சென்றார். எந்த முழு எண்ணையும் எண்ணிக்கையில் 73க்கு மிகாத ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பதை 1940இல் நிறுவியவர். 1950 ஆகஸ்டில் அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோவுக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார்.

அவர் பெயரால் "பிள்ளை பகா எண்கள்" என்றே ஒரு வகை உண்டு. இந்த இழையில் பேசிவந்த மீதி விதியோடு அது நேராகத் தொடர்புடையது. 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 3 வரை பெருக்கினால் 6, ஒன்று கூட்டினால் 7. 3ஆல் வகுத்தால் மீதி 1. 4 வரை: 25 = 5 × 5; 5ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. 5 வரை: 121 = 11 × 11; மீதி 1. 6 வரை: 721 = 7 × 103; இரண்டுக்கும் மீதி 1. 7 வரை: 5041 = 71 × 71; மீதி 1. ஆகா, இங்கேயும் அதே விதி என்று துள்ளத் தோன்றும். 8 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 40321 = 61 × 661. 61ஐ 8ஆல் வகுத்தால் மீதி 5. விதி உடைந்தது. இப்படி உடைக்கும் பகா எண்களே பிள்ளை பகா எண்கள். அவை முடிவில்லாதவை என்று சுப்பாராவும் எர்டிஷும் நிறுவியிருக்கிறார்கள்.

அவற்றுள் மிகச் சிறியது எது தெரியுமா? வாத்தியார் சார் புளியங்கொட்டையில் வைத்துக் காட்டிய 23. அது 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டிய எண்ணின் காரணி; 23ஐ 14ஆல் வகுத்தால் மீதி 9. 2^11 − 1க்கு ஒழுங்காக மீதி 1 கொடுத்து நடந்துகொண்ட அதே 23.

மார்த்தாண்டம் தேன்:

வீட்டில் இரண்டு தாள் வீணாக்கிச் சரிபார்த்தேன். 23ஆல் வகுத்த மீதிகள்: 8 வரை பெருக்கினால் 1, 11 வரை பெருக்கினால் மறுபடி 1, 13 வரை 18, 14 வரை 22. ஒன்று கூட்டினால் 23. சரிதான்.

திங்கள்சந்தை வாத்தியார்:

உங்கள் எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை 127ஐ எடுத்தேன். "எத்தனை 128, மிச்சம் எவ்வளவு, இரண்டையும் கூட்டு" என்ற குளச்சல்காரனின் வழியையே சொல்லிக்கொடுத்தேன். வகுத்தல் என்ற சொல்லையே நான் பயன்படுத்தவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு 0 வந்தது. இருவர் 2ஐக் கழிக்க மறந்தார்கள். மல்லியின் கதையைச் சொன்னதும் அவர்களுக்கு ஆறுதல்.

கேள்வி கேட்ட பெண் 127ஐ முடித்துவிட்டு, அடுத்தது எது என்றாள். 2^11 − 1 உடைந்துவிட்டது, அடுத்தது 2^13 − 1, அதாவது 8191, பதினொரு படி, பெருக்கல்கள் பெரிதாக இருக்கும் என்றேன். இன்று காலை தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியில் நோட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். 14, 194, 4870, 3953, 5970, 1857 என்று வளர்ந்துகொண்டு போனது ஏழாவது படியில் திடீரென்று 36ஆக விழுந்திருக்கிறது. தப்பாகிவிட்டது என்று எண்ணி அந்த வரியை இரண்டு முறை அழித்து எழுதியிருக்கிறாள். தாள் அந்த இடத்தில் கிழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மூன்றாவது முறையும் 36 வந்ததால் நம்பி மேலே போயிருக்கிறாள்: 1294, 3470, 128. அதற்குக் கீழே, மற்ற வரிகளைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில், 128 × 128 − 2 = 16382 = 8191 + 8191 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.